மழைக்காலத்தில் ஊர்திகளைப் பேணுதல்

திருத்தணி மலைமீது அமைந்த முருகன் கோயிலுக்கு 365 படிகளும், ஊர்திகள் ஏறுவதற்குரிய சாலையும் உண்டு. அடிவாரச் சாலைகளிலோ, திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிய டிரெய்லர்களை டிராக்டர்கள் இழுத்துச் செல்லும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் இவ்வூர்திகளைக் காக்கும் முறையை அறிவோம்.

நீரும் காற்றும் சேர்ந்து பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். ஆதலின் சேற்றைக் கழுவி, வண்டியை உலர்த்தி, வண்ணம் உரிந்த இடங்களில் மீண்டும் பூசுதல் வேண்டும். சக்கரத்தின் பேரிங்குகளில் நீர் புகுந்தால் கிரீஸ் கெடும், உராய்வு மிகும், பேரிங்குகள் சூடேறித் தேயும். எனவே உரிய காலத்தில் புதுக் கிரீஸ் இடுதல் இன்றியமையாதது. டயரின் வரிப்பள்ளங்களே சாலை நீரை விலக்குவன; அவை தேய்ந்தால் வண்டி வழுக்கும்.

நனைந்த பிரேக்கு உடனே பிடிக்காது. தேங்கிய நீரைக் கடந்தபின், மெல்ல ஓட்டியவாறே அதனை இலேசாக அழுத்தி உலர்த்துதல் வேண்டும். மலையிறக்கத்தில் இதனை மறப்பது உயிருக்கே கேடாகும்.

எஞ்சின் இல்லாமையால் டிரெய்லரைப் பலர் கவனியாது விடுகின்றனர். அதனை டிராக்டரோடு இணைக்கும் இரும்பு முளையையும், பின்விளக்கையும் நாள்தோறும் நோக்குதல் வேண்டும். மழையிருளில் அச்சிறு விளக்கே பின்வருவோர்க்கு உயிர்க்காவல்.