மண்ணுக்குள் எரியும் நெருப்பு

எங்கள் வீடு கிள்ளானில், ஜொகான் செத்தியாவுக்கு அருகில் இருக்கிறது. சில வாரங்கள் மழை பெய்யாவிட்டால் கொடியில் காயும் துணியிலும் புகை வாடை வீசும். புகைமூட்டம் என்றாலே சுமத்ராவைக் கைகாட்டுவது நம் வழக்கம். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை வீட்டில் இன்றும் பேசுவார்கள். அந்தப் புகையில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது உண்மையே. ஆனால், எரியும் நிலம் நம் கொல்லைப்புறத்திலும் உண்டு.

என் தாத்தா தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். மாலையானால் சருகுகளைக் கூட்டி, வேலிக்குப் பின்னாலுள்ள காலி நிலத்தில் கொளுத்துவார். ஒரு வறண்ட பிப்ரவரியில் அப்படிக் கொளுத்தி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். மூன்றாம் நாள், அந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி மண்ணிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு நாள் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆஸ்துமா உள்ள என் தங்கை அந்த இரண்டு இரவும் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

அணைத்த நெருப்பு எப்படி நகர்ந்தது? காரணம் மண்தான். மலாய்க்காரர்கள் 'தானா காம்புட்' என்றழைக்கும் கரிச்சதுப்பு நிலம் அது. நீரில் மூழ்கிய இலைகளும் வேர்களும் முழுமையாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவானது. நீர் நிறைந்திருக்கும்வரை அது எளிதில் எரியாது. விவசாயத்திற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், மண்ணே விறகாகிவிடுகிறது. தீ சுடர்விடாமல் அடியில் கனன்று பரவும்; வாரக்கணக்கில்கூட நீடிக்கும். நன்கு காய்ந்த கரிமண் தண்ணீரையும் எளிதில் உறிஞ்சாது.

ஆகவே, தீயை அணைப்பதைவிட நிலத்தை ஈரமாக வைத்திருப்பதே மேலான வழி. கோலசிலாங்கூர் மாவட்டத்தின் ராஜா மூசா வனக்காப்பகம் இதற்கு நல்ல சான்று. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் அங்கே கால்வாய்களைத் தடுத்து நீர்மட்டத்தை உயர்த்தி, மஹாங் போன்ற மரங்களை நட்டு வருகின்றன. சுற்றுவட்டார மக்களும் மாணவர்களும் இதில் பங்கேற்கிறார்கள். நானும் ஒரு சனிக்கிழமை நண்பர்களுடன் சென்று, முழங்கால்வரை சேற்றில் நின்று கன்று நட்டேன். தாத்தாவின் நெருப்பு எனக்குப் புரிந்தது அன்றுதான்.

நகரம் செய்ய வேண்டியவை சில உண்டு. ஊராட்சி மன்றங்கள் காலி நிலங்களின் கால்வாய்களில் நீர்மட்டத்தைக் கண்காணிக்க வேண்டும். குப்பை கொட்டுவதைத் தடுக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் இடங்களில் குழாய்க்கிணறுகளை முன்கூட்டியே அமைக்க வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் தீ அபாயக் குறியீடு உயரும்போதே சுற்றுக்காவலைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியவை இன்னும் எளியவை. சருகையும் குப்பையையும் எரிக்கக்கூடாது; திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. வேலியோர லாலான் புல்லை வறட்சிக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். சிகரெட் துண்டைக் காய்ந்த புல்லில் வீசக்கூடாது. மண்ணிலிருந்து மெல்லிய புகை கிளம்பினாலும் 'தானாக அணைந்துவிடும்' என்றிராமல் உடனே 999ஐ அழைக்க வேண்டும். புகைமூட்ட நாட்களில் குழந்தைகளையும் முதியோரையும் வீட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. வெளியே செல்வோருக்கு என்95 முகக்கவசம் உதவும்.

தாத்தாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது, "நாப்பது வருஷமா எரிக்கிறேன், இப்ப மட்டும் என்னடா?" என்று கேட்டார். "தோட்டத்து மண் வேற, இந்த மண் வேற தாத்தா. இது அடியில எரியும்," என்றேன். பதில் பேசவில்லை. தங்கையின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

இப்போது எங்கள் வீட்டுச் சருகெல்லாம் முருங்கை மரத்தடியில் எருவாகிறது. நண்பர்களே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பேசிப் பாருங்கள்.