மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

இணையத் தொலைபேசியில் அழைக்கிறீர்கள். மணி அடிக்கிறது, எதிர்முனையில் எடுக்கிறார்கள். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது. அவர் குரல் மட்டும் உங்களுக்கு வரவில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம், ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம். நாட் என்பார்கள்.

உங்கள் கணினியின் முகவரி 192.168.1.5 என்று இருந்தால், அது வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதை எடுத்துவிட்டு, ரவுட்டர் தன் பொது முகவரியைப் போட்டு அனுப்பும். பதில் யாருக்கு வர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளும். இணையதளம் பார்க்க இதுவே போதும். ஆனால் பாக்கெட்டை ஒரு கடிதம் என்று நினைத்தால், ரவுட்டர் திருத்துவது உறைமேல் உள்ள முகவரியைத்தான். கடிதத்துக்குள்ளும் முகவரி எழுதும் நெறிமுறைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியைப் பாருங்கள். நாட் பற்றிய ஆவணம் வந்தது 1994இல். எஃப்டிபி பிறந்ததோ அதற்கு முன்பே, 1971இல்; அதனால் நாட் குறுக்கே வரும் என்று அது எதிர்பார்க்கவில்லை. அதன் பழைய முறையில் கணினி, ‘போர்ட் 192,168,1,5,195,80’ என்று சர்வருக்குச் சொல்லும். முதல் நான்கு எண்களும் முகவரி. 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்டினால் போர்ட் எண் 50000. ‘இங்கே வந்து என்னைத் தொடர்புகொள்’ என்று அர்த்தம். சர்வர் அந்த முகவரியைத் தேடினால் எங்கும் போய்ச் சேராது.

அதனால் சில ரவுட்டர்கள் கடிதத்தையும் பிரித்துத் திருத்துகின்றன. 192,168,1,5 என்பது 11 எழுத்து. அந்த இடத்தில் 203,0,113,27 என்று போட்டால் 12. இந்தத் தொடர்பை நடத்தும் டிசிபி நெறிமுறை ஒவ்வொரு பைட்டையும் எண்ணுவதால், அந்த ஒரு பைட்டுக்காக அந்தத் தொடர்பு முடியும்வரை இரு திசையிலும் கணக்கை ரவுட்டர் சரிக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உரையாடலைக் குறியாக்கம் செய்துவிட்டால் இதுவும் நடக்காது. கணினியே சர்வரைத் தேடிப் போகும் பாசிவ் முறைதான் நல்ல வழி. வெளியே கிளம்பும் தொடர்பை நாட் தடுப்பதில்லை.

தொலைபேசிக்கான சிப் நெறிமுறையிலும் இதே கதை. ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று போன் தன் வீட்டு முகவரியை எழுதிவிடுகிறது. 2003இல் வந்த ஸ்டன் இதற்கு நேர்மையான தீர்வு: ‘நான் உங்களுக்கு எந்த முகவரியில் தெரிகிறேன்?’ என்று வெளி சர்வரிடம் கேட்டு, வரும் விடையைப் போனே எழுதிவிடும். சில வகை நாட் அமைப்புகளில் அதுவும் பலிக்காது; அப்போது குரலை இடையில் ஒரு சர்வர் வாங்கிக் கைமாற்ற வேண்டும். போன் சரியாக எழுதியதை ரவுட்டர் தவறாகத் திருத்துவதும் உண்டு. குரல் வராவிட்டால், ரவுட்டரில் இந்தத் திருத்தத்தைச் செய்யும் சிப் ஏஎல்ஜி என்ற வசதியை முதலில் அணைத்துப் பாருங்கள்.