பதிவிறக்க வேகம் ஏன் ஏறி இறங்குகிறது?

பதிவிறக்க வேகம் ஒரே அளவில் நிற்பதில்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பெரிய கோப்பு ஒன்றை இறக்கினால், திரையில் ஓடும் எண் நொடிக்கு 3 மெகாபைட்டில் தொடங்கி, 11-ஐத் தொட்டு, 6-க்குச் சரிந்து, மறுபடி ஏறும். (இணைப்பின் 100 என்ற எண் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்தான். வேகம் குறைவு என்ற புகார்கள் பலவும் இந்த வகுத்தலோடு தீர்ந்துவிடும்.)

இந்த ஊசலாட்டத்தில் ஒரு பகுதி கோளாறே அல்ல. டிசிபி என்னும் நெறிமுறை தெரிந்தே செய்வது. கோப்பு சுமார் 1,500 பைட் அளவுள்ள பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. வழியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கோப்பை அனுப்பும் சர்வருக்குத் தெரியாது. ஆகவே அது முதலில் சில பொட்டலங்களை அனுப்பிப் பார்க்கிறது. சேர்ந்துவிட்டதாகத் தகவல் திரும்பினால் இரட்டிப்பாக்குகிறது. எங்கோ ஒரு ரவுட்டரில் வரிசை நிரம்பிப் பொட்டலம் தொலைந்தால், நெரிசல் என்று கணித்து வேகத்தைப் பாதியாக்கிக்கொண்டு, பின் மெல்ல ஏற்றுகிறது. வரைந்து பார்த்தால் ரம்பத்தின் பல் போலிருக்கும்.

இந்த அடக்கம் பட்டறிந்து வந்தது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கெஜத் தொலைவில், வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. தொலைந்த பொட்டலங்களைக் கணினிகள் நெரிசலுக்குள்ளேயே திரும்பத் திரும்பத் திணித்ததன் விளைவு அது. ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரை மேற்சொன்ன தீர்வை விளக்கியது. கூகுள் 2016-இல் அறிமுகம் செய்த பிபிஆர் என்னும் முறை, பொட்டலம் தொலையும்வரை காத்திராமல் தாமதத்தையும் வேகத்தையும் அளந்தே முடிவெடுக்கிறது.

மற்ற காரணங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ளவை. ஜிபான் வகை ஃபைபரில் நொடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கிட்டுக்கொள்ளும். இரவில் எல்லா வீட்டிலும் படம் ஓடினால் பங்கு சுருங்கும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மைக்ரோவேவ் அடுப்பே கலைத்துவிடும். ரவுட்டரில் கேபிளைச் செருகிப் பார்த்து வேகம் நிலைத்தால், குறை வைஃபையில்தான்.

வேகச் சோதனைத் தளங்கள் காட்டும் எண் பெரும்பாலும் கோப்பு இறங்கும் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அவற்றில் பல ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறக்கின்றன. ஒன்று பாதியாகும்போது மற்றவை அந்த இடத்தை நிரப்பிவிடுவதால் ரம்பப் பல் கண்ணில் படுவதில்லை.