பொதுநல வழக்கு போட்டா செலவு யார் தலையில?

போன எபிசோட் கேட்டுட்டு ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவங்க ஊர் ஏரியில சாக்கடை கலக்குது. கோர்ட்டுக்குப் போகலாம்னா வீட்ல விட மாட்டேங்கிறாங்க. தோத்துட்டா எதிர்த்தரப்பு வக்கீல் ஃபீஸையும் நாமதான் கட்டணும், வீட்டை விக்க வேண்டி வரும்னு அம்மாவுக்குப் பயம். நான் கோட் எழுதுறவன், வக்கீல் இல்ல. ஆனா இதே சந்தேகம் எனக்கும் இருந்ததால, சில தீர்ப்புகளை உக்காந்து படிச்சேன்.

அம்மா சொன்னது முழுத் தப்பு இல்ல. தோற்றவர்தான் ஜெயித்தவருக்குச் செலவுத்தொகை தரணும்ங்கிறது, சிவில் நடைமுறைச் சட்டம் 35-வது பிரிவுல இருக்கிற பொது வழக்கம். ஆனா முடிவு நீதிபதி கையில. பொதுநல வழக்குல, நல்லெண்ணத்தோட வந்தவர் தோத்தாலும் பெரும்பாலும் ‘செலவுத்தொகை இல்லை’ன்னுதான் உத்தரவு முடியும். அதாவது அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு.

அப்போ நிஜமான சுமை எது? நம்ம சொந்த வக்கீல், டைப்பிங், ஜெராக்ஸ், போக்குவரத்து. ஜெயிச்சா அதுவாவது திரும்பி வருமான்னா, எப்பவாவது வரும். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மேல வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ, வாதாடின எம்.சி. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் தமிழக அரசு தரணும்னு உத்தரவு போட்டுச்சு. அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுப் பாருங்க, மாசம் 900 ரூபாய் கூட வராது!

பேப்பர்ல ‘மனுதாரருக்கு ஒரு லட்சம் அபராதம்’னு படிக்கிறோமே, அது வேற கதை. விளம்பரத்துக்கோ உள்நோக்கத்தோடயோ வர்ற மனுக்களுக்கானது. 2010-ல பல்வந்த் சிங் சௌபல் வழக்குல, ஏற்கெனவே முடிவான சட்டக் கேள்வியைத் திரும்பக் கிளப்பினவங்களுக்கு உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம் விதிச்சது. ஜூஹி சாவ்லாவோட 5ஜி வழக்கை எல்லாரும் சொல்லுவாங்க. கறாரா சொன்னா அது சிவில் வழக்கு. 2021-ல விதிச்ச 20 லட்சமும் அடுத்த வருஷம் 2 லட்சமா குறைஞ்சது.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னா, சட்டப்பணிகள் ஆணைக்குழுகிட்ட விண்ணப்பிக்கலாம். 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. வழக்குல அடிப்படை இருக்கான்னு மட்டும் பார்ப்பாங்க. அதனால, பயப்படுற அம்மாவே விண்ணப்பம் போடலாம் (சும்மா சொல்லல).

அந்த நண்பர்கிட்ட நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: கலெக்டருக்கு மனு கொடுத்த ரசீது இருக்கா? இல்லையாம். ‘அதிகாரிகிட்ட கேட்டீங்களா’ன்னுதான் கோர்ட்ல முதல் கேள்வியே வரும். திங்கக்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போறேன்னு சொல்லியிருக்கார், ஏரி போட்டோவோட.