மரத்திலேயே மாங்காய்களுக்குப் பை கட்டுதல்

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரி வட்டாரம் மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. 2022 ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டாரம், இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. தோத்தாபுரி என்னும் கிளிமூக்கு மாங்காயும் பங்கனப்பள்ளியும் இப்பகுதியின் முக்கிய வகைகளாகும். மரத்தில் தொங்கும் காய்க்குக் காகிதப் பை கட்டினால் அதன் வளர்ச்சியும் தரமும் எவ்வாறு மாறுகின்றன என்பது இங்குள்ள தோட்டக்காரர்களுக்குப் பயன்தரும் செய்தியாகும்.

இயற்கையான காய் உதிர்வு பெரும்பாலும் ஓய்ந்தபின், அறுவடைக்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்னர், நோயற்ற காய்களைத் தெரிந்தெடுத்துப் பை கட்டுதல் வழக்கம். உள்ளே கறுப்புத் தாளும் வெளியே பழுப்புத் தாளும் கொண்ட இரட்டைப் பை இதற்கு ஏற்றது. ஜப்பான் நாட்டில் ஆப்பிள், பேரி முதலிய பழங்களுக்கு இம்முறை நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது. லக்னோவிலுள்ள மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மாம்பழத்திற்கு இதனைப் பரிந்துரைக்கிறது.

ஒளி மறைக்கப்பட்டால் காய் வளருமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. காயின் தோலிலுள்ள பச்சையம் தயாரிக்கும் உணவு மிகச் சிறிதாகும். காய்க்கு வேண்டிய சர்க்கரையை இலைகளே தயாரித்துக் காம்பின் வழியே அனுப்புகின்றன. இலைகள் வெயிலில் இருக்கும் வரை பையினுள் இருக்கும் காயும் பெருத்துக்கொண்டே வரும். ஆகவே, பை கட்டுவதால் மட்டும் பழம் இனிப்பு மிகுந்ததாகிவிடும் என்று எதிர்பார்த்தலும் தவறாகும்.

பெரிய மாறுதல் தோலிலேயே நிகழ்கிறது. நிழலில் பச்சையம் குறைவாக உண்டாவதால், பங்கனப்பள்ளி போன்ற வகைகள் பழுக்கும்போது சீரான மஞ்சள் நிறம் பெறுகின்றன. வெயிற்புண், இலைகள் உராய்வதால் ஏற்படும் தழும்பு, பறவைகளின் கொத்தல் ஆகியவையும் குறைகின்றன. மழைத்துளிகளால் பரவும் ஆந்த்ரக்னோஸ் என்னும் பூஞ்சண நோயும் தடுக்கப்படுகிறது. ஆனால் சிவப்பு நிறத்திற்கு ஒளி இன்றியமையாதது. அதனாலேயே சிவப்பு ஆப்பிள்களின் பைகளை அறுவடைக்குச் சில வாரங்கள் முன்பாகவே அகற்றிவிடுகின்றனர்.

பழ ஈயிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்பு இவை எல்லாவற்றினும் முக்கியமானது. பெண் ஈ முற்றிய காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழுக்கள் சதையை உண்டு பழத்தை அழுகச் செய்கின்றன. வெளியே சிறு துளையன்றி வேறு அடையாளம் தெரியாது. இந்திய மாம்பழங்களில் பழ ஈக்கள் காணப்பட்டமையால் 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியைத் தடை செய்தது. அத்தடை 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. உரிய காலத்தில் கட்டிய பை, மருந்தின் உதவியின்றியே ஈயைத் தடுத்துவிடும்.

இம்முறையில் சில எச்சரிக்கைகளும் தேவை. மாவுப்பூச்சி பற்றிய காயை மூடினால் பூச்சிக்கே புகலிடம் கிடைக்கும். பையின் வாயை நன்கு இறுக்கிக் கட்டவேண்டும். நீர் வடிவதற்கு அடியில் சிறு துளை இருத்தல் நலம். கிழிந்த பையால் பயனில்லை.

எல்லாத் தோப்புக்கும் இம்முறை ஆதாயமளிப்பதன்று. தோத்தாபுரியின் பெரும்பகுதி சித்தூர்ப் பகுதி ஆலைகளில் பழக்கூழாகிறது. அங்கே தோலின் அழகுக்கு விலையில்லை. 2025 ஆம் ஆண்டில் விலை வீழ்ந்தபோது, கிலோவிற்கு ஆலைகள் 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் அளிக்குமென அறிவிக்கப்பட்டது. கிலோவிற்கு இரண்டு அல்லது மூன்று காய்கள் நிற்குமாதலின், காய் ஒன்றுக்குக் கிடைப்பது 4 முதல் 6 ரூபாயே. பையின் விலையும் கட்டும் கூலியும் இதில் அடங்குதல் அரிது. ஆனால் முழுப்பழமாகத் தொலைவிலுள்ள சந்தைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லும் பங்கனப்பள்ளிக்கு மாசற்ற தோலே விலையை நிர்ணயிக்கிறது. ஆதலின் காய் எங்கே விற்கப்படும் என்பதை முடிவு செய்தபின் பை கட்டுவதே அறிவுடைமையாகும்.