கொதிக்க வைத்தாலும் போகாது!

ஒரு விடுகதை போடுகிறேன். விடை சொல்லுங்கள், பார்க்கலாம்.

கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மணக்காது, நாக்குக்கு ருசிக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால், பல்லில் வந்து எட்டிப் பார்க்கும். அது என்ன?

தெரியவில்லையா? கவலைப்படாதீர்கள். ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கும் தெரியவில்லை. அதனால் ஒரு பெரிய தவறும் செய்துவிட்டேன்.

நான் கோவைக்காரன். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். 1980களில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் வேலை கிடைத்தது. நான்காம் வகுப்பில் ஒரு மாணவன் கணக்கில் படு சுட்டி. ஆனால், வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பதில் சொல்லுவான். ஒரு நாள் கையை எடுக்கச் சொன்னேன். பற்களில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாகக் கறை!

"பல் விளக்கும் பழக்கமே கிடையாதா?" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன்.

"தெனமும் வேப்பங்குச்சியில வெளக்குறேன் சார்" என்றான், கண் கலங்க. நான் நம்பவில்லை.

பிறகு மற்றவர்களின் பற்களையும் பார்த்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே கறை. அத்தனை பேருமா பல் விளக்காமல் வருவார்கள்? சில வாரங்கள் கழித்து, மாணவர்களைப் பரிசோதிக்க வந்த மருத்துவரிடம் கேட்டேன். அவர் பள்ளிக்கு எதிரில் இருந்த அடிபம்பைக் காட்டினார். "காரணம் அங்கே இருக்கிறது சார்" என்றார்.

அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அதில் கரைந்திருந்தது புளோரைடு. அதுதான் விடுகதையின் விடை!

பாறையிலிருந்து வரும் விருந்தாளி

புளோரைடை யாரும் தண்ணீரில் கொட்டுவதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பூமிக்கு அடியில் கடினமான பாறைகள். அவற்றில் உள்ள சில கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் பல ஆண்டுகள் தங்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக அது கரைந்து சேர்கிறது.

'எங்கள் பற்பசையிலும் புளோரைடு என்று போட்டிருக்கிறதே!' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மிகக் குறைந்த அளவு புளோரைடு, பல் சொத்தையைத் தடுக்கும். அளவு மீறினால்தான் ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 10 லட்சம் மில்லிகிராம். அதில் வெறும் ஒன்றரை! எவ்வளவு நுண்ணிய கணக்கு பாருங்கள்.

ஈறுக்குள் பல் உருவாகும்போதே இந்தக் கறை பதிந்துவிடுகிறது. அதனால்தான் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. முக்கியமாக, எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து. பல ஆண்டுகள் தொடர்ந்து இந்தத் தண்ணீரைக் குடித்தால், பெரியவர்களுக்கும் மூட்டுகள் இறுகும்; முதுகு வளையும்; நடக்கவே சிரமப்படுவார்கள். இந்த நோய்க்கு 'புளோரோசிஸ்' என்று பெயர்.

நம் நாட்டில் இது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க முடியாமல் போவதை விவசாயிகள் கவனித்தார்கள். மனிதர்களுக்கும் அதே துன்பம் இருந்தது. மருத்துவ ஆய்வாளர் ஷார்ட்டும், அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து, 1937ல் இதைப் பற்றி எழுதினார்கள்.

ஏன் போகாது?

'தண்ணீரைக் காய்ச்சிக் குடி' என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான்! கிருமிகள் உயிருள்ளவை, கொதித்தால் இறந்துவிடும். புளோரைடுக்கு உயிர் ஏது? அது உப்பு மாதிரி.

அம்மாவின் உதவியோடு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பைக் கரைத்து, பாதியாக வற்றும் வரை காய்ச்சுங்கள். ஆறிய பிறகு, ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு கூடியிருக்கும்! தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். உப்பு அப்படியே தங்கிவிடும். புளோரைடும் இப்படித்தான். துணியில் வடிகட்டினாலும் போகாது.

படிகாரமும் சுண்ணாம்பும் சரியான அளவில் சேர்த்துக் கலக்கித் தெளிய வைத்தால், புளோரைடு குறையும். நாக்பூரில் உள்ள 'நீரி' ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இம்முறைக்கு 'நல்கொண்டா முறை' என்று பெயர். ஆனால், அளவு தவறாமல் தினமும் செய்ய வேண்டும். அடியில் தங்கும் கசடையும் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். ஆயிரக்கணக்கான கிராமங்களில் இது லேசான வேலையா?

மலையேறிய காவிரி

வேறு என்ன வழி? கெட்ட நீரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, நல்ல நீரைக் கொண்டு வருவது! அப்படி வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டின் கடன் உதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் பணிகள் நடந்தன. 2013 மே மாதம் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

காவிரியோ பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்களோ மேட்டில் இருக்கின்றன. ஓசூர், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம்! ஒகேனக்கல் அருகே ஆற்று நீரை எடுத்துச் சுத்திகரித்து, ராட்சத மோட்டார்கள் மூலம் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து குழாய்கள் வழியாகத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்குக் கொண்டு செல்வதே திட்டம்.

அப்பாடா, பிரச்னை தீர்ந்ததா? முழுவதும் இல்லை. ஆற்று நீர் போதாதபோது, சில ஊர்களில் தொட்டியில் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் கலந்துவிடுகிறார்கள். குழாயில் நீர் வர தாமதமானால், பக்கத்து அடிபம்பில் குடத்தை வைத்துவிடுகிறார்கள். புளோரைடு மறுபடியும் வயிற்றுக்குள் போய்விடும்!

நீங்கள் என்ன செய்யலாம்?

* பிரச்னை உள்ள ஊர்களில், குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த ஆற்று நீரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். குளிக்க, துவைக்க ஆழ்குழாய்த் தண்ணீர் போதும்.

* உங்கள் வீட்டில், பள்ளியில் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறீர்களா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பல மாவட்டங்களில் பரிசோதனைக் கூடம் உண்டு. அங்கே நீரைக் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லி, பெரியவர்களிடம் கேளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பிள்ளைகளும் கேட்கலாம். நம் காலடியில் இருப்பதும் பாறைதானே!

* பால், ராகி, கீரை, நெல்லிக்காய் நிறையச் சாப்பிடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும், புளோரைடின் பாதிப்பைக் குறைக்க உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவர் வந்து போன மறுநாள், வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்த மாணவனிடம், "தப்பு உன்னுடையது இல்லை. விசாரிக்காமல் திட்டியது என் தப்பு" என்றேன். அவன் சிரித்தான். அன்று அவன் வாயை மூடிக்கொள்ளவில்லை.

உங்கள் வகுப்பிலும் கறை படிந்த பற்களோடு ஒரு நண்பன் இருக்கலாம். அவனைக் கேலி செய்யாதீர்கள். 'நீ எந்தத் தண்ணீர் குடிக்கிறாய்?' என்று அன்போடு கேளுங்கள். அவன் வீட்டில் சின்னத் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களின் பற்களையாவது நீங்கள் காப்பாற்றிவிடலாம்!