பிரிமணை மாற்றினால் பானை நிற்குமா?

“கபடியில் தோள்பட்டை இறங்கி, கீஹோல் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது மறுபடியும் நழுவுகிறது. அதையே இன்னொரு தடவை செய்யலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செய்யலாம், எலும்பு சம்மதித்தால். ‘சின்னத் துளை, மறுநாளே வீடு’ என்னும் விளம்பரப் பலகைகளில் எலும்பைப் பற்றிப் பேச்சே இருக்காது.

தோள்மூட்டின் குழி பெயருக்குத்தான் குழி. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் படிவதில்லை. பானை உருளாமலிருக்கப் பிரிமணை வைப்பார்களே, அதுபோலக் குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது; லேப்ரம் என்பார்கள். தோள் முன்பக்கம் நழுவும்போது அது பிய்ந்துவிடும். கேமராவை உள்ளே விட்டு, எலும்பில் சிறு நங்கூரங்களை இறக்கி, நூலால் வளையத்தை இழுத்துக் கட்டுவதுதான் அந்த ஆபரேஷன்.

அதற்குப் பாங்கார்ட் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர். அவர் எழுதியது 1923இல். ஜெர்மனியின் பெர்தெஸ் 1906லேயே சொல்லிவிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

சங்கதி வேறிடத்தில் இருக்கிறது. நழுவும்போது உருண்டையின் பின்பக்கம் குழியின் முன்விளிம்பில் மோதி நசுங்குகிறது, பள்ளம் விழுகிறது. விளிம்பும் தேய்கிறது. இனி, பந்தெறிய ஓங்குவதுபோல் கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பினால், குழி அந்த உருண்டையின் மேல் ஒரு தடம் போடும். ஜப்பானில் யமமோட்டோ, இட்டோய் குழுவினர் 2007இல் அதை அளந்தார்கள்: தடத்தின் அகலம் குழியின் அகலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல். பள்ளம் தடத்துக்குள் அடங்கினால் வம்பில்லை. வெளியே நீண்டால், விளிம்பு லபக்கென்று பள்ளத்துக்குள் இறங்கி, தோளை நெம்பித் தள்ளிவிடும். இதில் ஒரு குறும்பு பாருங்கள்: பள்ளம் வளரவே வேண்டாம். விளிம்பு தேய்ந்தாலே தடம் குறுகி, நேற்றுவரை உள்ளே இருந்த பள்ளம் இன்று வெளியே நிற்கும்.

தரையின் ஓரம் உடைந்து, பானையும் நசுங்கிக் கிடக்கும்போது புதுப் பிரிமணை என்ன செய்யும்? அந்தப் பானையைக் கபடிக்கு வேறு அனுப்புகிறோம்!

பர்க்ஹார்ட், டி பீர் இருவரும் 2000இல் இதே போன்ற 194 நுண்துளை (கீஹோல்) சிகிச்சைகளின் கணக்கை வெளியிட்டார்கள். எலும்புச் சேதம் பெரிதாக இல்லாதவர்களில் மீண்டும் நழுவியது 4 சதவீதம். சேதம் பெரிதாக இருந்த 21 பேரில் 14 பேருக்கு நழுவியது.

பள்ளம் மட்டும்தான் சிக்கல் என்றால், பின்பக்கத் தசைநாணை அதற்குள் தைத்து அடைக்கலாம்; அதுவும் நுண்துளை வழியாகவே முடியும். விளிம்பு போயிருந்தால், 1954இல் பிரான்சின் லாட்டர்ஜே சொன்னபடி, அருகிலுள்ள கொரக்காய்டு எலும்பு முனையைத் தசையோடு வெட்டி அங்கே திருகாணியால் பொருத்துவார்கள். தழும்பு பெரிது, ஆனால் விளிம்பு திரும்பக் கிடைக்கும்.

எலும்பு நன்றாக இருந்து, பழைய கட்டு மட்டும் விட்டுப்போயிருந்தால் மறு கீஹோல் நியாயமே. ஆகவே வாசகரே, தேதி வாங்குமுன் சி.டி. ஸ்கேன் எடுத்து, “விளிம்பு எவ்வளவு போயிருக்கிறது? பள்ளம் தடத்துக்கு உள்ளேயா, வெளியேயா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். அளந்து பார்க்காமலே பதில் சொல்பவராக இருந்தால் இன்னொருவரிடம் போங்கள்.